எங்கள் லயத்துக்குக் குடிநீர்: 3 லட்சத்து 80 ஆயிரம் இருக்கிறது, எந்த மெஷின் வாங்கலாம்?

#1 பீலிக்கரை (கொட்டாஞ்சேனை), ஜனவரி 11, இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். ஊர் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் கீழ்ப்பிரிவு லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) 64 குடும்பம், சின்னப் பிள்ளைகளையும் சேர்த்து 280 பேர். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் ஒரே பீலிதான். ஓடையில் இருந்து கறுப்பு ஹோஸ் ஒன்றில் தண்ணீர் வருகிறது. மழை பெய்த மறுநாள் அது செம்மண் நிறத்தில் வரும். துணியில் வடிகட்டிக் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

போன மாதம் என் அக்கா மகனுக்கு நெருப்புக் காய்ச்சல் (டைபொயிட்). ஆறு வயது. 11 நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். தண்ணீரைப் பார்க்கச் சொன்னார் டாக்டர். அதே லயத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு வந்தது.

கொழும்பில் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பையன்கள் 12 பேர் சீட்டுப் போட்டு 3,80,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். வவுனியாப் பக்கம் கிராமங்களில் தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பதை ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படி ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். எந்த மெஷின் நல்லது? கொழும்பில் எங்கே வாங்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வெள்ளவத்தை_36, ஜனவரி 11, இரவு 10.15

தம்பி, என் பங்குக்கு ஒரு லட்சம் தருகிறேன். ஆனால் அதற்கு முன் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து முல்லைத்தீவில் ஐந்து குழாய்க்கிணறு அடித்துக் கைப்பம்ப் பூட்டிக் கொடுத்தோம். திறப்பு விழா, படம், மாலை எல்லாம் நடந்தது. ஒன்றரை வருடம் கழித்து வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனபோது ஐந்தில் நான்கு வேலை செய்யவில்லை. பெரிய உடைவு ஒன்றும் இல்லை, உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருந்தது. அதை மாற்ற யாருக்கும் தெரியாது, யாரிடம் சொல்வது என்றும் தெரியாது. பெண்கள் பழையபடி ஒரு மைல் நடந்து கொண்டிருந்தார்கள். கல்லில் பொறித்த எங்கள் பெயர்கள் மட்டும் அப்படியே இருந்தன. அன்று வந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

அதனால் எந்த மெஷின் என்று கேட்பதற்கு முன், பழுதானால் யார் பார்ப்பார்கள் என்பதை முடிவு செய்யுங்கள்.

#3 செட்டிகுளத்தாள் (பம்பலப்பிட்டி), ஜனவரி 12, காலை 6.50

அந்த வீடியோவில் இருப்பது எங்கள் பக்கம்தான். அப்பாவுக்குச் சிறுநீரக நோய். கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்கப் போகிறார். அதனால் இந்த விஷயம் எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல.

காரணம் தெரியாத சிறுநீரக நோய் 1990களில் வட மத்திய மாகாணத்தில்தான் முதலில் கவனத்துக்கு வந்தது. பதவியா, மதவாச்சி, மெதிரிகிரிய என்று பரவலாகக் கண்டார்கள். வவுனியாவிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். தண்ணீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் சேர்ந்து செய்யும் வேலை என்கிறார்கள் சிலர், விவசாய இரசாயனம் என்கிறார்கள் சிலர், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இன்னும் ஒரு முடிவு இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பானை அடியில் வெள்ளையாகப் படியும். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. கரைந்திருக்கும் அந்த உப்பை எடுக்கத்தான் ஆர்.ஓ. தேவைப்படுகிறது.

உங்கள் பீலியில் உப்பு இருக்கிறதா? நெருப்புக் காய்ச்சல் கிருமியால் வருவது. ஊசி எடுக்கும் வேலைக்கு உலக்கை வாங்காதீர்கள். ஆர்.ஓ.வுக்குக் கரண்ட் வேண்டும், நல்ல அழுத்தம் வேண்டும், வடிகட்டி மாற்றக் காசு வேண்டும். உள்ளே போகும் தண்ணீரில் பாதியோ அதற்கு மேலோ கழிவாக வெளியே போகும். எங்கள் ஊரில் ஒரு மெஷின் வடிகட்டி மாற்ற ஆள் வராமல் எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. திறந்திருக்கும் நாட்களிலும் பிளாஸ்டிக் கான் தூக்கிக்கொண்டு போய்க் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். எங்களுக்கு வேறு வழி இல்லாததால் அது வரம். உங்களுக்கு வேறு வழி இருக்கும் என்று நினைக்கிறேன், அண்ணா.

#4 ஓய்வுநீர் (தெஹிவளை), ஜனவரி 12, காலை 9.05

நான் நீர் வழங்கல் துறையில் 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தம்பி, மெஷின் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எனக்கு நான்கு விஷயம் தெரிய வேண்டும்.

பீலிக்குத் தண்ணீர் தொடங்கும் இடம் எது, திறந்த ஓடையா, பாறையில் இருந்து வரும் ஊற்றா? அந்த இடம் லயத்தை விட எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம்? அதற்கு மேலே என்ன இருக்கிறது, தேயிலையா, காடா, வேறு லயமா? 20 லீட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி?

#5 பீலிக்கரை, ஜனவரி 18, இரவு 11.20

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனேன் ஐயா. எல்லாம் பார்த்து வந்தேன்.

இப்போது ஹோஸ் போட்டிருப்பது திறந்த ஓடையில். அதற்கு மேலே மேற்பிரிவு லயம் இருக்கிறது, அவர்களுடைய மலசலகூடங்களும் அந்தச் சரிவில்தான். இவ்வளவு நாள் அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

ஆனால் இன்னொரு ஊற்று இருக்கிறது. மூன்றாம் நம்பர் மலைக்கு மேலே, காட்டு ஓரத்தில், பாறைக்கு அடியில் இருந்து வருகிறது. என் தாத்தா காலத்தில் அங்கே ஒரு சின்னத் தொட்டி இருந்ததாம், மண் சரிந்து மூடிவிட்டது. அங்கே இருந்து எங்கள் லயத்துக்கு நடந்து அளந்ததில் ஏறக்குறைய 1,400 மீற்றர். உயரம் போனில் பார்த்தேன், 85 மீற்றர் வித்தியாசம் காட்டியது. வாழை மட்டையை வைத்து வாளியில் பிடித்தோம். 36 விநாடியில் நிறைந்தது. மூன்று தடவை பிடித்துப் பார்த்தோம்.

#6 ஓய்வுநீர், ஜனவரி 19, காலை 8.30

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். 36 விநாடிக்கு 20 லீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 48,000 லீட்டர். 280 பேருக்கு ஆளுக்கு 170 லீட்டர் வருகிறது. கேட்க மிக நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை நம்பிப் பைப் வாங்காதீர்கள்.

காரணம் இதுதான். பதுளைக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நன்றாகப் பெய்யும். நீங்கள் அளந்தது ஊற்று வயிறு நிறைந்திருக்கும் காலம். ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கும், தெரியும்தானே. ஹட்டன் பக்கம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரைதான் வறண்ட காலம். ஒவ்வொரு சரிவுக்கும் மாதம் வேறு. உங்கள் ஊற்றை ஓகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பரிலோ அளக்க வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். எட்டு மாதம் காத்திருக்கச் சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள், அதற்குள் செய்ய வேறு வேலை நிறைய இருக்கிறது.

இப்போது உயரம். 10 மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 மீற்றருக்கு எட்டரை பார். கடையில் 600 வகைப் பி.வி.சி. பைப் மலிவாகக் கிடைக்கும், அது 60 மீற்றர் அளவுக்குத்தான் தாங்கும். இரவில் எல்லோரும் குழாயை மூடியதும் கீழ்ப்பக்கம் வெடிக்கும். கீழ்ப்பாதிக்கு 1000 வகை போடுங்கள், இல்லாவிட்டால் நடு வழியில் அழுத்தம் முறிக்கும் சின்னத் தொட்டி ஒன்று கட்டுங்கள். தண்ணீர் அதில் விழுந்து காற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பப் புறப்படும், அழுத்தம் அங்கே பூச்சியத்தில் இருந்து தொடங்கும். பைப்பை இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். வெயில் பட்ட பி.வி.சி. சில வருடத்தில் முறுக்குப் போல உடையும், அதுவும் போதாதென்று மண்வெட்டி வெட்டும். கான் (வாய்க்கால்) கடக்கும் இடத்தில் மட்டும் இரும்புப் பைப். வழியில் மேடு வந்தால் அந்த உச்சியில் காற்று வெளியேற ஒரு வால்வு, பள்ளத்தில் மண்டி கழுவி விட ஒரு வால்வு. இந்த இரண்டையும் விட்டுவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று பைப்பைத் தோண்டித் தோண்டிப் பார்த்த ஊர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஊற்றுத் தொட்டிதான் முக்கியம். ஊற்றின் கண்ணை மூடக் கூடாது, தண்ணீரின் மட்டம் உயர விடக் கூடாது. உயர்ந்தால் அது பாறைக்குள் வேறு வழி தேடிப் போய்விடும், திரும்ப வராது. கண்ணுக்கு முன் கழுவிய கருங்கல் அடுக்கி, மேலே களிமண்ணும் கொங்கிரீட்டும் போட்டு மூடி, வெளிச்சம் படாமல் தண்ணீர் நேரே தொட்டிக்குள் வர வேண்டும். தொட்டிக்கு மேல்புறம் மழைத்தண்ணீர் திரும்பிப் போக ஒரு கான் வெட்டுங்கள். ஆடு மாடு வராமல் வேலி. அதற்கு மேலே உரமும் மருந்தும் அடிக்காமல் இருக்க வேண்டும்.

இதற்குக் கரண்ட் தேவையில்லை, பம்ப் தேவையில்லை. லபுகமவிலும் களட்டுவாவயிலும் காட்டை மூடிப் பாதுகாத்துத்தான் கொழும்புக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். லபுகமத் தண்ணீர் 19ஆம் நூற்றாண்டிலேயே கொழும்புக்கு வந்துவிட்டது. மேலே காடு, கீழே குழாய். அதே வேலையைத்தான் உங்கள் மலையில் சின்னதாகச் செய்யச் சொல்கிறேன்.

#7 மேட்டுலயம் (வத்தளை), ஜனவரி 19, மாலை 4.10

பொறியாளர் ஐயா சொன்னது எல்லாம் சரி. நான் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டத்தில் பிறந்தவள், இப்போது ஆசிரியை. எங்கள் டிவிசனில் நல்ல தொட்டி கட்டினார்கள், நல்ல பைப்பும் போட்டார்கள். நான்கு வருடத்தில் நின்றுவிட்டது.

நிற்கக் காரணம் தண்ணீர்க் கமிட்டி. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் ஆண்கள், எல்லாம் ஒரே தொழிற்சங்கத்து ஆட்கள். அடுத்த சங்கத்துக்காரர் இருக்கும் லயத்துக்குக் கடைசியில்தான் தண்ணீர் போகும். அவர்கள் காசு கட்டவில்லை. காசு இல்லாததால் பழுது பார்க்கவில்லை. ஒரு நாள் இரவில் யாரோ வால்வை உடைத்தார்கள்.

தண்ணீர் தூக்கியது யார்? என் அம்மா விடிய நான்கு மணிக்கு எழும்பி பீலியில் குடத்தை வரிசை வைப்பாள். பிறகு கொழுந்துக்குப் போவாள். மலையில் மழையில் நனைந்து ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, மாலையிலும் அதே வரிசை. வீட்டில் எத்தனை குடம் செலவாகும், எந்த நேரத்துக்கு வேண்டும், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார் எல்லாம் அவளுக்குத் தெரியும். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி, உங்கள் கமிட்டியில் பாதிக்குப் பாதி பெண்கள் இருக்கட்டும், பொருளாளர் கட்டாயம் ஒரு பெண்ணாக இருக்கட்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

#8 ஜம்பட்டா_தெரு, ஜனவரி 19, இரவு 8.00

மன்னிக்கவும், எனக்கு ஒரு கேள்வி. கடையில் நின்று உழைக்கும் பையன்கள் சீட்டுப் போட்டா குடிதண்ணீர் கொடுக்க வேண்டும்? தோட்டத்தை நடத்தும் கம்பனி எங்கே, அரசாங்கம் எங்கே? குடிநீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28இல் தீர்மானம் எடுத்தது. இவர்கள் செய்துவிட்டால் பொறுப்பானவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

#9 புதுக்கடை_கறுப்புக்கோட், ஜனவரி 20, காலை 7.15

இந்தக் கோபம் நியாயமானது. சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன்.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமை ஆகின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது, ஆனால் காணி இன்னும் அரசாங்கத்தினுடையதுதான், கம்பனிக்குக் குத்தகை. அதனால் ஊற்றுக்கும் தொட்டிக்கும் பைப் பாதைக்கும் துரையின் (தோட்ட மேலாளரின்) வாய் வார்த்தை போதாது. துரை மாறினால் வார்த்தையும் மாறும். கம்பனியிடமும் காணிக்குச் சொந்தக்கார அரச நிறுவனத்திடமும் எழுத்தில் வாங்குங்கள். ஊற்றைச் சுற்றி எத்தனை மீற்றருக்கு மருந்து அடிக்கக் கூடாது என்பதையும் அதே கடிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரதேச சபை பல காலமாகத் தோட்டத்துக்குள் வேலை செய்யாமல் இருந்ததற்குக் காரணம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. வீதி, கிணறு எதுவானாலும் தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க அது தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். இப்போது 'சட்டம் இடம் தராது' என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம். மனு எழுதிக் கொடுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமையைக் கேட்பதும் பிள்ளைகளுக்கு இந்த வருடமே நல்ல தண்ணீர் கொடுப்பதும் ஒன்றையொன்று தடுக்காது. ஆறு வயதுப் பிள்ளை வழக்கு முடியும் வரை தாகத்தோடு இருக்க முடியாது.

#10 ஓய்வுநீர், ஜனவரி 20, காலை 10.40

சட்டத்தரணி சொன்னதோடு சேர்த்து ஒன்று. உலக வங்கியின் உதவியோடு 2015இல் தொடங்கிய நீர் வழங்கல் திட்டம் ஒன்று ஏழு மாவட்டங்களில் நடந்தது. பதுளையும் நுவரெலியாவும் அதில் இருந்தன, தோட்டப்பகுதியும் சேர்த்தி. அதற்கு முன் 1990களில் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் முதல் சமூக நீர்த்திட்டம் நடந்தது. ஊர்ச் சங்கமே நீர்த்திட்டத்தை நடத்தும் முறை நம் நாட்டில் அப்போதுதான் வேரூன்றியது. 2014இல் இதற்கென்றே தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் உருவானது. உங்கள் சங்கத்தை அங்கே பதியுங்கள். பதிந்த சங்கத்துக்கு வரைபடம், பயிற்சி எல்லாம் கேட்க உரிமை வரும். பதியாத 12 பையன்கள் போனால் தேநீர் கொடுத்து அனுப்புவார்கள்.

#11 சுகாதாரப்பை, ஜனவரி 21, இரவு 9.30

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இப்போது கொழும்பில், முன்பு ஊவாவில் வேலை செய்தேன். செப்டெம்பர் வரை அந்த 64 வீடும் என்ன குடிக்கும் என்பதுதான் எனக்குக் கவலை. அதனால் இன்றைக்கே தொடங்கக் கூடியதைச் சொல்கிறேன்.

கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும் குடியுங்கள். குமிழி புரண்டு ஒரு நிமிடம் கொதித்தால் போதும், அரை மணித்தியாலம் விறகை எரிக்க வேண்டியதில்லை. ஆறியதும் அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள். கை விட்டு மொள்ளக் கூடாது, கைப்பிடி உள்ள அகப்பை வேண்டும். கொதித்த தண்ணீரை அழுக்குக் குடத்தில் ஊற்றுவதால்தான் பாதி வீட்டில் காய்ச்சல் திரும்ப வருகிறது. விறகு இல்லாத வீடுகளுக்கு, தெளிந்த தண்ணீரை நிறமில்லாத பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம் தகரக் கூரையில் படுக்க வைக்கச் சொல்லுங்கள். மப்பான நாள் என்றால் இரண்டு நாள் வைக்க வேண்டும். கலங்கல் தண்ணீருக்கு இது வேலை செய்யாது.

ஊற்று நீரைப் பரிசோதிக்காமல் நம்ப வேண்டாம். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தல் வேண்டும், சோடாப் போத்தல் ஆகாது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் கொடுப்பது நல்லது, 24ஐத் தாண்டவே கூடாது. கொழும்புக்குப் பஸ்ஸில் கொண்டு வராதீர்கள், மாகாணத்திலேயே கொடுங்கள். இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614. 100 மில்லிலீட்டரில் ஈ.கோலி (மலக் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லீட்டருக்கு 50 மில்லிகிராம், புளோரைட் 1 மில்லிகிராம், கடினத்தன்மை 250 மில்லிகிராம் வரை. தோட்டத்துக்கு அருகில் என்பதால் நைட்ரேட்டைக் கட்டாயம் பாருங்கள்.

தொட்டி கட்டியதும் குளோரின். 10,000 லீட்டருக்கு, லீட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் 10 கிராம் குளோரின். 30 சதவீதக் குளோரின் தூள் என்றால் 33 கிராம். வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அரை மணித்தியாலம் கழித்துக் கடைசிக் குழாயில் சோதித்தால் 0.2க்குக் குறையாமல் 0.5 அளவில் மிச்சம் நிற்க வேண்டும். தூள் டின்னைத் திறந்து வைத்தால் சக்தி போய்விடும், இருட்டில் இறுக மூடி வையுங்கள்.

#12 பீலிக்கரை, ஜனவரி 21, இரவு 11.55

வாசித்துவிட்டு அக்காவுக்கு உடனே போன் எடுத்தேன். அகப்பை விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். 'கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன்டா, கை விட்டுத்தான் மொண்டேன்' என்றாள். அழுதாள். உன் தவறில்லை என்று சொன்னேன்.

நாளைக்கு 12 பேரும் ஆமர் வீதியில் சந்திக்கிறோம். மெஷின் வாங்கவில்லை என்று சொல்லப் போகிறேன்.

#13 வெள்ளவத்தை_36, ஜனவரி 22, காலை 7.00

நல்ல முடிவு. என் ஒரு லட்சம் இருக்கிறது. பெயர்ப்பலகை வேண்டாம்.

மாதக் காசுக்கு ஒரு யோசனை. தோட்டத்தில் தொழிற்சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் செக்ரோலிலேயே (தோட்டச் சம்பளப் பதிவேட்டிலேயே) பிடிக்கிறார்கள்தானே. தண்ணீர்க் காசையும் அப்படியே பிடித்தால் வசூல் பிரச்சினை இருக்காது.

#14 மேட்டுலயம், ஜனவரி 22, மாலை 3.30

வேண்டாம் ஐயா. இப்போது லயத்தில் இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தோட்டத்தில் பெயர் இருக்கிறது? பாதி வீட்டில் பிள்ளைகள் கொழும்பில் கடையிலும் வீட்டு வேலையிலும். செக்ரோலில் பிடித்தால் கொழுந்து பறிக்கும் அம்மாவின் சம்பளத்தில் மட்டும் பிடிபடும், வெளியில் சம்பாதிப்பவன் தப்புவான். அதோடு காசு ஒஃபிஸ் வழியாகப் போனால் தொட்டியின் சாவியும் ஒஃபிசுக்குப் போய்விடும். வீட்டுக்கு வீடு போய் வாங்கட்டும், துண்டு எழுதிக் கொடுக்கட்டும், மாதக் கணக்கைக் கோயில் சுவரில் ஒட்டட்டும். விதவை வீடுகளுக்கும் நோயாளி வீடுகளுக்கும் விலக்கு கொடுப்பதைக் கூட்டத்தில் வெளிப்படையாக முடிவெடுக்கட்டும்.

#15 வெள்ளவத்தை_36, ஜனவரி 22, மாலை 5.45

சரி தங்கச்சி, நீங்கள் சொல்வதுதான் சரி. அந்த வாழ்க்கை எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

#16 பீலிக்கரை, மே 3, இரவு 10.05

நீண்ட நாளாக எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சங்கம் பதிந்துவிட்டோம். கமிட்டியில் ஒன்பது பேர், ஐந்து பேர் பெண்கள். பொருளாளர் என் அக்கா. மூன்று தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒரே பாயில் உட்கார வைத்தது மாரியம்மன் கோயில் திருவிழாக் கமிட்டியின் உதவியோடு. மாதம் வீட்டுக்கு 200 ரூபாய். வீட்டுக்கு வீடு தண்ணீர் மீற்றர் பூட்டுவதா, நான்கு வீட்டுக்கு ஒரு குழாயா என்று இரண்டு கூட்டம் சண்டை. இப்போதைக்கு நான்கு வீட்டுக்கு ஒன்று.

கம்பனிக் கடிதத்துக்கு மூன்று தடவை போய் வந்தோம். நான்காம் தடவை கையெழுத்து கிடைத்தது, மருந்து அடிக்காத 30 மீற்றரும் அதில் இருக்கிறது. காணிக் கடிதம் இன்னும் வரவில்லை.

ஆனால் ஒரு பிரச்சினை. ஊற்றில் இருந்து வழியும் தண்ணீர் கீழே சிங்களக் கிராமத்தின் மரக்கறித் தோட்டங்களுக்குப் போகிறது. நாங்கள் பைப் போடப் போகிறோம் என்று கேள்விப்பட்டு அவர்களில் சிலர் கோபமாக இருக்கிறார்கள். இரவில் வந்து உடைப்பார்கள் என்று எங்கள் பையன்கள் பேசுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

#17 ஓய்வுநீர், மே 4, காலை 6.20

தம்பி, இதற்கு என் ஊரில் இருந்து பெரிய உதாரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கொண்டு போகத் திட்டம் போட்டார்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைட்ரேட், சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் என்று எங்களுக்குத் தேவை உண்மையாகவே இருந்தது. ஆனால் கிளிநொச்சி விவசாயிகளுக்கு அந்தக் குளம்தான் வயல். அவர்கள் எதிர்த்தார்கள். வருடங்கள் போயின. கடைசியில் தாளையடியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி, 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். நாளைக்கு 24,000 கன மீற்றர். இரண்டு பக்கமும் தமிழர், இரண்டு பக்கமும் ஏழை, இரண்டு பக்கமும் நியாயம். இனத்தைப் பார்த்து வரும் பிரச்சினை இல்லை இது. கீழே இருப்பவனிடம் கேட்காமல் மேலே இருப்பவன் எடுத்தால் எங்கும் இதுதான் நடக்கும்.

நீங்களே போய்ப் பேசுங்கள், வரைபடத்தைக் கொண்டு போங்கள். தொட்டியில் இரண்டு வெளிவழி வையுங்கள். ஒன்று உங்கள் பைப், மற்றது வழிந்து அவர்கள் கானுக்குப் போவது. எவ்வளவு உங்களுக்கு, எவ்வளவு அவர்களுக்கு என்பதைத் துவாரத்தின் அளவே சொல்லட்டும், எந்த வால்வும் அதில் வேண்டாம். யாரும் வந்து எப்போதும் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

#18 செட்டிகுளத்தாள், மே 4, இரவு 9.10

போகும்போது அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள் அண்ணா. அந்த ஊர் அம்மாமாருக்கும் காய்ச்சல் வந்த பிள்ளைகள் இருப்பார்கள்.

#19 பீலிக்கரை, மே 19, இரவு 10.40

போனோம். அக்கா, கமிட்டியில் இருந்து இன்னும் இரண்டு பெண்கள், நான். அவர்களின் மரண உதவிச் சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் கொடுத்தார்கள். என் சிங்களம் கடைச் சிங்களம், அதிலேயே சொன்னேன். ஒரு வயதான மாத்தயா எழுந்து, அவர் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தாத்தாமார் கட்டிய அந்தப் பழைய தொட்டியில் தண்ணீர் குடித்ததாகச் சொன்னார். இரண்டு வெளிவழி என்பதை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு நிபந்தனை, கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு குழாய். கமிட்டி சரி என்றுவிட்டது. 17 பேர் மண் வெட்ட வருவதாகவும் சொன்னார்கள்.

அம்மாமார் அக்காவிடம் நெருப்புக் காய்ச்சலைப் பற்றித்தான் விசாரித்தார்கள். செட்டிகுளத்து அக்கா சொன்னது போலவே.

#20 சுகாதாரப்பை, மே 20, காலை 8.00

மிகச் சந்தோஷம். பள்ளிக்கூடக் குழாய் என்பதால் அந்தப் பகுதிப் பரிசோதகரும் இனி வந்து தண்ணீர் பார்ப்பார், நீங்களே போய்ச் சொல்லி வையுங்கள்.

#21 பீலிக்கரை, செப்டெம்பர் 6, இரவு 9.15

இன்று காலை அளந்தோம். மழை பெய்து ஏழு கிழமை. 20 லீட்டர் வாளி 95 விநாடி. ஐந்து தடவை பிடித்தோம், 94க்கும் 97க்கும் இடையில்.

கிருமிப் பரிசோதனை போன கிழமை வந்தது. ஊற்றின் கண்ணில் ஈ.கோலி இல்லை. ஓடை ஹோஸில் எடுத்த மாதிரியில் எண்ண முடியாத அளவு என்று எழுதியிருக்கிறார்கள். நைட்ரேட், புளோரைட் இரண்டும் தரத்துக்குள். அந்தக் கடதாசியைக் கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

ஐயா, 95 விநாடி போதுமா?

#22 ஓய்வுநீர், செப்டெம்பர் 7, காலை 5.50

95 விநாடி என்றால் நாளைக்கு ஏறக்குறைய 18,200 லீட்டர். ஆளுக்கு 65 லீட்டர். குடிக்க, சமைக்க, குளிக்கப் போதும். மரக்கறிக்கு ஊற்ற ஆகாது, அதைக் கூட்டத்தில் இப்போதே சொல்லிவிடுங்கள். ஆனால் இதில் பள்ளிக்கூடக் குழாயும் கிராமத்துப் பங்கும் இன்னும் கழிக்கவில்லை. கழித்தால் ஆளுக்கு 45 வரை இறங்கும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை காயும் அந்த நான்கு மாதத்துக்கு மட்டும் பழைய ஓடை நீரைத் துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பைப்பையும் ஒருபோதும் இணைக்காதீர்கள்.

ஊற்று இரவிலும் ஓடும், ஆட்கள் விடிய நான்கில் இருந்து ஏழுக்குள்ளும் மாலையிலும்தான் பிடிப்பார்கள். அதனால் இரவுத் தண்ணீரைப் பிடித்து வைக்க 10,000 லீட்டர் தொட்டி, லயத்துக்கு மேலே. தொட்டி வைக்கும் இடத்தைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் அடிக்கல் வைக்க வேண்டாம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தயில் மண் எப்படி இறங்கியது என்று உங்கள் மாவட்டத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிறைந்த தொட்டி 10 தொன் பாரம்.

ஒக்டோபர் மழைக்கு முன் ஊற்றுத் தொட்டியை முடித்துவிடுங்கள். சனிக்கிழமை பதுளை இரவு ரயிலுக்கு எனக்கும் ஒரு டிக்கெட் எடுங்கள், தொட்டியின் முதல் கல்லை வைக்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

#23 பீலிக்கரை, செப்டெம்பர் 7, காலை 6.05

எடுக்கிறேன் ஐயா. அக்கா கேட்கச் சொன்னாள், உங்களுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் சரியா, இடியப்பம் அவிக்கவா என்று.

#24 ஓய்வுநீர், செப்டெம்பர் 7, காலை 6.12

ரொட்டி. தண்ணீர் கொதிக்க வைத்தது.